கோடு போட்ட மணி

அவன் அழைப்பு மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. பகலில் மனைவியைக் கவனித்துக்கொள்ள வரும் அக்கா, உதட்டின் மேல் விரல் வைத்தபடி நின்றிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரும்படி சைகை காட்டினார். கூடத்தில் மின்விசிறி நின்றிருந்தது. சுற்றுக்கு ஒருமுறை அது கிறீச்சிடும். சமையலறையில் ஒழுகும் குழாயின் கீழே ஒரு துணியை மடித்து வைத்து, சொட்டு விழும் ஓசையைக்கூட அடக்கியிருந்தார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பழைய போர்வை ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தார். வீட்டில் ஓர் ஈ பறந்தாலும் கேட்கும். இவ்வளவு அக்கறையான ஒருவர் கிடைத்ததை நினைத்து அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

"இன்னைக்குப் பாப்பாவுக்குச் சத்தமே ஆகல தம்பி" என்றார் அக்கா, வெறும் காற்றாக. அவன் மனைவியை அவர் பாப்பா என்றுதான் சொல்வார். முதல் தடவை காட்டியபோது ஜன்னலைச் சாத்தினாராம். மறுபடி காட்டியதும் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்தினாராம். சாப்பாடு கொண்டுபோனபோதும் அதையே காட்ட, தட்டை மூடி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். "நாமதான் இடைஞ்சல் போலிருக்குன்னு வெளியில வந்து உக்காந்துட்டேன். நல்லாத் தூங்கட்டும்."

எதைக் காட்டினாள் என்று அவன் கேட்கவில்லை. கோடு போட்ட மணி. சத்தம் வேண்டாம், என்னைக் கொஞ்சம் தனியாக விடு என்பதற்கு அவள் தன் கைப்பேசியில் வைத்திருந்த படம் அது.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவன் கைப்பேசிச் செயலிகள் எழுதுகிறவன். எதையும் விளக்கிச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. மின்தூக்கி எப்படி எடையை அறிகிறது, குளிர்பதனப் பெட்டியின் விளக்கு எப்போது அணைகிறது என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். மனைவி அவனுக்கு விளக்கெண்ணெய் என்று பெயர் வைத்திருந்தாள். "சுருக்கமா சொல்லு விளக்கெண்ணெய், சாப்பாடு ஆறுது" என்பாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை. அந்தக் கேள்வி வீட்டிலும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. திரைச்சீலை வாங்கும்போதும், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நிற்கும்போதும், சண்டை முடிந்து அவன் மன்னிப்புக் கேட்கும்போதும் அதையேதான் கேட்பாள். ஒன்றுக்கு இரண்டாக மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு, முதலாவதுதான் தெளிவு என்பாள்.

மூளைக்குள் கசிந்த ரத்தம் அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போயிற்று. எழுத்தும் போய்விட்டது, தன் பெயரை எழுதிக் காட்டினாலும் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வரும். அந்தச் சத்தத்தை அவளே வெறுத்தாள். வந்தால் பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வாள். மருத்துவமனையில் படங்கள் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். கன்னம் உப்பிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கும், சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இடது கையால் அதைத் தள்ளிவிட்டாள். அவன் அதைவிட நல்ல படங்களை விலைக்கு வாங்கி ஒரு செயலி செய்தான். அழுத்தினால் ஒரு பெண் குரல் "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்று சொல்லும். யாரோ ஒருத்தி தன் இடத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு அவள் அழுதாள். குரலை எடுத்துவிட்டான்.

பிறகு ஒரு நாள், தன் கைப்பேசியின் மேல்விளிம்பை இடது சுட்டுவிரலால் கீழே இழுத்தாள். அங்கே மூலையில் தீர்ந்துபோகும் நிலையில் இருந்த பேட்டரியின் சின்னப் படத்தைத் தொட்டாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.

அவனுக்குப் புரிந்த கணத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான். இத்தனை வருடங்களாகத் தினமும் பார்த்த படங்கள். எழுத்து அழிந்த இடத்தில் இவை அழியாமல் நின்றிருக்கின்றன. டார்ச், பூட்டு, விமானம், மணி. அவளுக்கு வேண்டிய மொழி ஏற்கனவே அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

ஆனால் அவை அவனுடைய படங்கள் அல்ல. ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் அதை இயக்குகிற அமைப்பு ஒன்று உண்டு. படங்களும் ஒலிகளும் அதன் சொத்து. அந்தச் சொத்தை அது இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பகுதி கடையின் முன்பக்கம் அடுக்கியிருப்பது போல. வெளியார் எழுதும் எந்தச் செயலியும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், இவற்றை மாற்றமாட்டோம் என்று அமைப்பை உருவாக்கியவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மற்றது பின்னால் இருக்கும் கிடங்கு. அது அமைப்பின் சொந்த உபயோகத்துக்கு. கிடங்குக்குப் பெரிய பூட்டு ஒன்றும் கிடையாது. வழி தெரிந்தவன் பின்வாசலால் போய் எடுத்து வந்துவிடலாம். ஆனால் வாக்கு மட்டும் கிடையாது. நாளைக்கே மாற்றுவோம், தூக்கிப் போடுவோம், எங்களைக் கேட்காதே என்பதுதான் அங்கே எழுதாத சட்டம். அவளுக்குப் பிடித்த படங்கள் அநேகமாக எல்லாமே கிடங்கில்தான் இருந்தன.

அவன் பின்வாசலைத் திறந்தான். கிடங்கில் உள்ள படங்கள் அனைத்தையும் வரிசை வரிசையாகத் திரையில் பரப்பி அவளிடம் கொடுத்தான். வில்லைகளைப் பொறுக்குவதுபோல அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒதுக்கினாள், திரும்பி வந்தாள். கடைசியில் தன் மொழியைத் தானே செய்துகொண்டாள். வற்றிய பேட்டரி என்றால் சோர்வு. விமானம் என்றால் சக்கர நாற்காலியில் வைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோ. டார்ச் என்றால் என்னிடம் வா. திரையைத் திருப்பும் வட்ட அம்பு என்றால் என்னைத் திருப்பிப் படுக்க வை. அதுதான் அதிகம் தேவைப்பட்டது, ஏனென்றால் தானாகப் புரள அவளால் முடியாது. கோடு போட்ட மணி என்றால் சத்தம் வேண்டாம். அதை முதன்முதலில் அவனிடம்தான் பிரயோகித்தாள். இந்தப் படங்கள் கிடங்கில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது அழுத்தினாள். அழுத்திய படம் திரை முழுக்கப் பெரிதாகும்படி செய்திருந்தான், அறையின் மறுகோடியில் இருப்பவருக்கும் தெரியவேண்டுமே. மணி பூசணிக்காய் அளவுக்கு எழுந்து நின்றது. அவன் வாயை மூடினான். அவளுடைய வாயின் இடது ஓரம் மேலே போனது. படுக்கையில் விழுந்த பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

கட்டிலோரத்தில் வளைகிற கம்பி ஒன்றைப் பொருத்தி அதன் நுனியில் கைப்பேசியை மாட்டினான். வலது பக்கப் பார்வையும் பாதி போயிருந்ததால் அவள் கண்ணால் தேடுவதில்லை. எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பதை விரலுக்குப் பழக்கிக்கொண்டாள். அக்காவுக்குப் படங்கள் பழகின. அவளுடைய விரலுக்கு இடம் தெரியும், அக்காவின் கண்ணுக்குப் படம் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தவரைக்கும் வீடு நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அவனுடைய மேசைக்கு எதிரே உட்காருபவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். மற்றவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. மனைவிக்குச் செய்த செயலியை அவளிடம் பெருமையாகக் காட்டினான். அவள் படங்களைப் பார்க்கவில்லை, உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"புதுசா வர்ற பசங்க கிடங்குல கை வெச்சா நீதானேப்பா முதல்ல குதிப்ப? ஊருக்குத்தான் உபதேசமா?" என்றாள். "இது வாடகை வீட்டுச் சுவர்ல ஆணி அடிக்கிற வேலை. படத்தையெல்லாம் ஒரு பிரதி எடுத்து உன் ஆப்புக்குள்ளயே வெச்சுக்கோ. ஒரு சாயங்கால வேலை."

இன்னொன்றையும் அவள் சுட்டிக்காட்டினாள். கிடங்கில் ஒவ்வொரு படத்துக்கும் பெயரும் உண்டு, அலமாரி எண்ணும் உண்டு. மனைவி ஒரு படத்தைத் தேர்ந்தபோது அவனுடைய செயலி எண்ணைத்தான் குறித்துக்கொண்டது. புதிய பதிப்பு வரும்போது கிடங்கை மறுபடி அடுக்குவார்கள். நடுவில் சில படங்கள் சேர்ந்தால் பின்னால் இருப்பவை எல்லாம் தள்ளிப்போகும். பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் 'இல்லை' என்றாவது பதில் வரும். எண்ணைச் சொல்லிக் கேட்டால், அந்த எண்ணில் இப்போது எது இருக்கிறதோ அது வரும். தப்பான வீட்டுக் கதவைத் தட்டினாலும் யாரோ ஒருவர் திறக்கத்தானே செய்வார்கள்.

அவனுக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. அவளுக்கே வகுப்பு எடுக்கக்கூடியவன். அடுத்த வாரம் செய்கிறேன் என்றான். பிறகு அவள் கேட்டபோதெல்லாம் அதையே சொன்னான். காரணம் சோம்பல் அல்ல, அதை அவளிடம் சொல்லவும் முடியாது. மனைவிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிறவர், பேச்சு மீண்டு வர வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கிடங்கிலிருந்து எடுத்தது என்றால் அது இரவல், கொஞ்ச காலத்துக்கு. படங்களைத் தன் செயலிக்குள் கொண்டுவந்து நிரந்தரமாகப் பதித்துவைப்பது என்றால், அவள் இனிப் பேசமாட்டாள் என்று அவனே கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது.

அக்கா உதட்டில் விரல் வைத்து நின்ற அன்று, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய கைப்பேசியில் புதிய பதிப்பு தயார், நிறுவட்டுமா என்ற கேள்வி நின்றது. ஒரு கையில் மதியச் சாப்பாட்டுப் பை, மற்ற கைக் கட்டைவிரலால் சரி என்று அழுத்தினான். எந்தக் கைப்பேசியில் அந்தக் கேள்வி வந்தாலும் தள்ளிப்போடாதே, அதுதான் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் சொல்கிறவன் அவன். அவளுடைய நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

இப்போது அவன் போர்வையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தான்.

அக்கா அவளைக் காலையில் வலது பக்கமாகப் படுக்கவைத்திருந்தார், முகம் சுவரைப் பார்க்க. அப்படியே கிடந்தாள். திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. சுவருக்கும் அவளுக்கும் நடுவே கம்பியின் நுனியில் கைப்பேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய தோளுக்கு மேலாகக் கோடு போட்ட மணி வாசல்வரை தெரிந்தது. அவள் இடது கையை உயர்த்தி, மணியை மூடினாள். கட்டங்கள் வந்தன. தேடாமல், தயங்காமல், வலது கோடியில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். அம்பின் கட்டம் அது. திரை முழுக்க மணி எழுந்தது. மூடினாள். மறுபடி அதே கட்டம். மறுபடி மணி. யாரோ வந்து நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்து செய்வதைப்போலவும் இல்லை, விரல் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

அவளைப் புரட்டியபோது, உடம்பின் அடியில் மடங்கிக் கிடந்த வலது கை வெளியே வந்தது. வேறு யாருடைய கையோ போல வீங்கி நிறம் மாறியிருந்தது. அந்தப் பக்கம் அசைவுதான் போயிருந்தது, வலி போகவில்லை என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். விரிப்பு நனைந்திருந்தது. இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கீழுதட்டில் பல் பதிந்த இடத்தில் ரத்தம் உலர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் முனகினாளோ, எப்போது நிறுத்தினாளோ. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க அடைத்த போர்வை, உள்ளே இருந்த சத்தத்தையும் வெளியே விடவில்லை. அவள் கூப்பிடக் கூப்பிட வீடு இன்னும் அமைதியாகிக்கொண்டே போயிருக்கிறது.

அவன் கைப்பேசியைப் பார்த்தான். எல்லாம் தள்ளிப்போயிருந்தது. அம்பின் இடத்தில் மணி. மணியின் இடத்தில் யாருக்கும் பொருள் தெரியாத ஒரு பல்சக்கரம். டார்ச் இருந்த கட்டத்தில் ஒன்றுமேயில்லை. பிறகு அக்கா சொன்னார், நடுவில் சில தடவை திரை வெறும் வெள்ளையாக ஒளிர்ந்ததாம். கண் கூசுகிறதோ என்று திரைச்சீலையை இழுத்து மூடினாராம்.

அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். முந்தானையை வாயில் அழுத்தியிருந்தார். "நான் படத்தப் பாத்துத்தானே தம்பி நடந்துக்கிட்டேன்" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர்மேல் தப்பில்லை என்று அவன் சொன்னான். ஏன் தப்பில்லை என்பதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் மருத்துவர் வந்து போன பிறகு அலுவலகத்துக்குப் போனான். பூதக்கண்ணாடி எழுந்து வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சோதனைக்காகப் பழைய பதிப்புகளோடு வைத்திருக்கும் கைப்பேசிகளின் இழுப்பறையைத் திறந்து, குடைந்து, மனைவியின் கைப்பேசியில் முன்பு இருந்த பதிப்பு இன்னும் மாறாமல் இருந்த ஒன்றை எடுத்தாள். பழைய கிடங்கு அதற்குள் அப்படியே இருந்தது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பிரதி எடுத்து, அவனுடைய செயலிக்குள், அவனுடைய சொந்தப் பெட்டிக்குள் வைத்தார்கள். இனி யார் எந்தக் கிடங்கை மாற்றி அடுக்கினாலும் இவை நகராது. ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. கடைசிப் படத்தை வைத்துவிட்டு அவள், "சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோ" என்றாள். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் நாற்காலியைத் திருப்பி, அவனை யாரும் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆனால் மனைவி கைப்பேசியைத் தொடவில்லை. கம்பியை அவள் பக்கம் வளைத்தால் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா இப்போது எதையும் கேட்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து அவளைத் திருப்பினார், கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். அறைக்கதவைச் சாத்துவதேயில்லை. மின்விசிறி கிறீச்சிட்டது, குழாய் சொட்டியது. திருப்பினால் திரும்பிக்கொண்டாள். ஊட்டினால் விழுங்கினாள். இடுப்புப் புண் ஆறத் தொடங்கியது, கை வீக்கமும் வடிந்தது. அக்கா ஒரு தடவை, "ஏம்மா, கோவமா? ஒரு அடி வேணா அடிச்சிரு" என்று தன் கன்னத்தை அவள் கையருகே கொண்டுபோனார். அவள் அந்தக் கன்னத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் அவன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளை முதுகு சாய்த்து, தன்னைப் பார்க்கும்படி படுக்கவைத்திருந்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆரம்பித்தான். முன்பக்கக் கடையையும் பின்பக்கக் கிடங்கையும் பற்றிச் சொன்னான். எண்கள் தள்ளிப்போனதைச் சொன்னான். நீ சரியாகத்தான் அழுத்தினாய், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் அழுத்தினாய் என்று சொன்னான். அக்கா படத்தைப் பார்த்து நடந்துகொண்டதும் சரிதான், நடுவில் இருந்த நான்தான் தப்பு என்று சொன்னான். நிரந்தரமாகச் செய்ய ஏன் கை வரவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொல்லாததால் அதற்கு நிறைய நேரம் பிடித்தது. நீ மறுபடி பேசுவாய் என்று நான் நம்பியதற்கு நீ வலி பட்டாய் என்று சொன்னான். அதற்குமேல் விளக்க எதுவும் மிச்சமில்லை. அவனுடைய வாழ்நாளிலேயே நீளமான விளக்கம் அதுதான். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்ல ஆளில்லாமல் கடைசிவரை சொல்லி முடித்த ஒரே விளக்கமும் அதுதான்.

அவன் கம்பியை மெல்ல வளைத்து, கைப்பேசியை அவளுக்கும் தனக்கும் நடுவே கொண்டுவந்தான். வட்ட அம்பை அழுத்தினான். அம்பு திரை நிறைந்து எழுந்தது. "இது தெளிவா இருக்கா?" என்று கேட்டான். மூடிவிட்டு, டார்ச்சை அழுத்தினான். "இது?"

அவள் கண்ணை மூடவில்லை. போர்வை அசைந்தது. இடது கை வெளியே வந்து, காற்றில் கொஞ்சம் நின்றது. பிறகு விரல் டார்ச்சை மூடி, கட்டங்களைக் கடந்து போய், ஓரிடத்தில் அழுத்தியது.

கோடு போட்ட மணி.

படம் சரியாக இருந்தது. இடமும் சரியாக இருந்தது. அது மணியின் பழைய கட்டம்தான், அவன் பார்த்துவிட்டான். செயலியில் தவறு ஒன்றும் இல்லை. போதும் நிறுத்து விளக்கெண்ணெய் என்கிறாளா? என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போ என்கிறாளா? இல்லை, அந்தப் பகல் முழுவதும் எந்தப் படம் எழுந்து எழுந்து நின்றதோ, அதுவே இனி அவளுக்கு வலியின் படமாகிவிட்டதா? அவன் அவளுடைய வாயைப் பார்த்தான். இடது ஓரம் அசைந்ததுபோல இருந்தது, அசையாததுபோலவும் இருந்தது. வலது கண்ணில் நீர் இருந்தது, ஆனால் அது அந்தக் கண்ணில் எப்போதும் இருப்பதுதான். அவளுடைய வலது கையை, இடுப்பை, முதுகின் அடியை அவன் தொட்டுப் பார்த்தான். எங்கும் எதுவும் மடங்கியிருக்கவில்லை.

அவன் எழுந்தான். வாசல்வரை போனான். கதவின் கைப்பிடியில் கை வைத்தான், இழுக்கவில்லை, விடவுமில்லை. கூடத்தில் மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றிக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தான். அவள் விரல் இன்னும் கைப்பேசியின் மேல்தான் இருந்தது. அறையின் மங்கிய வெளிச்சத்தில், திரையிலிருந்த மணியின் வெளிச்சம் அவள் முகத்தின் மேல் வெள்ளையாக விழுந்திருந்தது, அதன் குறுக்கே ஓடிய கோடும் கண்ணிலிருந்து வாயோரம் வரை விழுந்ததுபோல அவனுக்குத் தோன்றியது.